கடைசியில் வருபவரின் வேகம்

ஓய்வுநாளில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கு யூத நெறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஊர் எல்லையிலிருந்து 2,000 முழம். இன்றைய அளவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அதைத் தாண்டி வைக்கும் அடி, அந்த நாளின் அமைதியை மிதிக்கும் அடி. அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் ஒலிவ மலைக்கும் எருசலேமுக்கும் உள்ள இடைவெளியை இந்த அளவையால்தான் சொல்கிறது. ஆனால் அதே விவிலியத்தில், மாற்கு எழுதிய நற்செய்தியில், ஓர் ஓய்வுநாளில் சிறு கூட்டம் ஒன்று விளைந்த வயல்களின் ஊடே நடந்து போகிறது. இயேசுவின் சீடர்கள் போகிற போக்கில் கதிரைக் கொய்கிறார்கள். பரிசேயர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். வழக்கு கதிர் கொய்ததைப் பற்றியதுதான், நடந்ததைப் பற்றியதல்ல. என்றாலும் அங்கே இயேசு தந்த பதில், நாளுக்காக மனிதனா, மனிதனுக்காக நாளா என்ற பெரிய கேள்வியைத் திறந்துவிட்டது. வாரத்தில் ஒருநாள், சில பேர், ஊருக்கு வெளியே, கையில் உணவோடு சேர்ந்து நடப்பது என்ன வகைச் செயல்? பொழுதுபோக்கா, மீறலா, வழிபாட்டின் தூரத்து உறவா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கேள்வி தெருவுக்கே வந்துவிட்டது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பூட்டப்பட்ட நாளாக இருந்தது. அன்று கட்டணம் வாங்கிக்கொண்டு கேளிக்கையோ பொது விவாதமோ நடத்தக்கூடாது என்று 1780-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த நாளைக் காவல்காக்கவே 1831-இல் ஒரு சங்கம் எழுந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் கதவு ஞாயிறன்று திறக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு நாள் ஆலையிலும் பட்டறையிலும் கிடந்தவனுக்கு ஏழாம் நாள் இரண்டே இடங்கள்தான் இருந்தன என்று சொல்வது சற்று மிகை. ஆனால் பெரிய மிகை இல்லை. ஒன்று தேவாலயம், மற்றொன்று மதுக்கடை. பூட்டு போட முடியாமல் எஞ்சியவை கால்கள். நடப்பதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது. அதனால்தான் அந்த நூற்றாண்டின் இறுதியில் முளைத்த நடைக்குழுக்களை வெறும் உடற்பயிற்சிக் கூட்டங்களாகப் பார்த்தால் கதையின் பாதி விடுபட்டுப் போகிறது. யார் எந்த நாளில் நடந்தார்கள், எதை விட்டுவிட்டு நடந்தார்கள் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

லெஸ்லி ஸ்டீபனை எடுத்துக்கொள்வோம். இன்று பலருக்கும் அவர் வர்ஜீனியா உல்ஃபின் தந்தை. அவருடைய காலத்தில் அவரே ஒரு நிறுவனம். ஆங்கிலேய தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர், ஆல்ப்ஸ் மலையேறி. அதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு குருவானவர்: 1859-இல் முழுக் குருப்பட்டம் பெற்றவர், கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். நம்பிக்கை கரைந்துபோனதும் 1862-இல் சிற்றாலய வழிபாட்டை நடத்த மறுத்து, தம் பொறுப்பிலிருந்து விலகினார். 1875-இல் குருத்துவத்தையே சட்டப்படி துறந்தார். அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. அடுத்த ஆண்டு, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவனின் நியாயத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். இப்படி ஞாயிற்றுக்கிழமை காலியாகிப்போன ஒரு மனிதர், 1879-இல் 'சண்டே டிராம்ப்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். ஞாயிறு நாடோடிகள் என்று தமிழில் சொல்லலாம். வழக்கறிஞர்கள், தத்துவப் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு லண்டனிலிருந்து ரயிலேறி, ஏதோ ஒரு சிற்றூர் நிலையத்தில் இறங்கி, இருபது மைல் வரை நடந்துவிட்டு இரவு உணவுக்குத் திரும்புவார்கள். தலைவர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால். பதினைந்து ஆண்டுகள் இது நடந்தது. வழியில் பாக்ஸ் ஹில்லில் குடியிருந்த நாவலாசிரியர் ஜார்ஜ் மெரிடித்தைப் பார்ப்பார்கள். டவுன் கிராமத்தில் டார்வினையும் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். நம்பிக்கையைத் துறந்தவர்களுக்கும் தலங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

குறித்த நாள், குறித்த நேரம், முன்னால் ஒருவர், இடையில் பகிர்ந்துண்ணல், பெரியவர் ஒருவரின் வாசல். இவற்றை வரிசையாக அடுக்கிவைத்து, பார்த்தீர்களா, நாத்திகனும் கோயில் கட்டிக்கொண்டான் என்று முடித்துவிடுவது எளிது. அப்படிச் சொல்பவர்களுக்குச் சமூகவியலாளர் எமில் டுர்கைமின் துணையும் கிடைக்கும். 1912-இல் வந்த அவருடைய நூல், மதத்தின் உயிர் கூட்டத்தில்தான் இருக்கிறது, மனிதர்கள் கூடிக் கிளர்ந்தெழும் அந்தச் சூட்டில்தான் தெய்வங்கள் பிறக்கின்றன என்று வாதிட்டது. ஆனால் அதே டுர்கைம், புனிதம் என்று தனியே ஒதுக்கிவைத்த ஒன்றைச் சுற்றி நிற்காத கூட்டத்தைச் சபை என்று ஏற்கவில்லை. நடைக்குழு எதையும் ஒதுக்கிவைப்பதில்லை. வேலியோரத்துச் செடி, ரொட்டித் துண்டு, நனைந்த காலுறை எல்லாம் அதற்கு ஒரே தளத்தில் இருப்பவை. வடிவ ஒற்றுமையைக் கொண்டு மட்டும் பார்த்தால் பஞ்சாயத்து போர்டு கூட்டமும் வழிபாடுதான். நான் சொல்ல வருவது வேறு. மதங்கள் மனிதனுக்குக் கற்றுத்தர முயன்ற பலவற்றுள் ஒன்று, தன் வேகத்தைப் பிறருக்காக விட்டுக்கொடுப்பது. கோட்பாடு இல்லாமல், சொற்பொழிவு இல்லாமல், அந்த ஒன்றை மட்டும் உடம்பு வழியாகப் பழக்கக்கூடியது சேர்ந்து நடத்தல். காட்சி, காற்று, ஆரோக்கியம் எல்லாம் கூடுதல் வரவு. அவை தனியாக நடப்பவனுக்கும் கிடைக்கும்.

இந்த இடத்தில் தனியாக நடப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் தரப்பு வலுவானது. ஆங்கில இலக்கியத்தில் நடையைப் பற்றி எழுதியவர்களில் சிறந்தவர்கள் சிலர் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். வில்லியம் ஹாஸ்லிட் 1822-இல் எழுதிய கட்டுரையில், அறைக்குள் தனக்குக் கூட்டம் வேண்டும், ஆனால் வெளியில் இறங்கிவிட்டால் இயற்கையே போதும் என்ற கட்சியை எடுத்தார். நடந்துகொண்டே வாதம் செய்வது இரண்டையும் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1876-இல் அதையே வழிமொழிந்து எழுதினார்: நினைத்தபோது நிற்கவும், விரும்பிய பக்கம் திரும்பவும், தன் நடையைத் தானே வகுத்துக்கொள்ளவும் தனிமைதான் வேண்டும். அந்தக் கட்டுரை வெளிவந்த கார்ன்ஹில் இதழுக்கு அப்போது ஆசிரியர் வேறு யாருமல்லர், லெஸ்லி ஸ்டீபன்தான். தனிநடையைப் புகழ்ந்த எழுத்தை அச்சுக்கு அனுப்பியவர் மூன்றே ஆண்டுகளில் கூட்டு நடைக்குத் தலைமை ஏற்றார். அவரும் அதிகம் பேசாதவர் என்றே பெயரெடுத்தவர். அரட்டைக்காகக் கூட்டம் சேர்த்தார் என்று சொல்ல வழியில்லை.

ஸ்டீவன்சன் சொன்னதை நன்றாகக் கவனித்தால், அவர் கூட்டத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டும் நான் அதன் சிறப்பாகக் கருதுவதும் ஒன்றே. கூட்டத்தில் என் வேகம் என்னுடையதாக இருக்காது. உண்மை. நிற்க நினைக்கும்போது நகர வேண்டும், நகர நினைக்கும்போது யாரோ காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். தன்னைக் கண்டடைய நடப்பவனுக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் தன்னைக் கண்டடைவது மட்டுமே நடையின் பயன் என்று யார் தீர்மானித்தது? தனிமையைப் பாடிய பழைய நூல்களே அப்படிச் சொல்லவில்லை. பௌத்த நூலான சுத்தநிபாதத்தில் காண்டாமிருகத்தின் கொம்பைப் போலத் தனித்துத் திரியச் சொல்லும் பாடல்தொகுதி ஒன்று உண்டு; துறவிகளின் தனிமைக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதன் நடுவிலேயே, அறிவும் ஒழுக்கமும் உள்ள துணை வாய்த்தால் அவனோடு மகிழ்ந்து போ, வாய்க்காவிட்டால் தனியே போ என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே தனிமை இரண்டாம் தேர்வு. தகுந்த துணை இல்லாதபோது எடுக்க வேண்டிய வழி.

துணை என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழில் வழித்துணை என்றால் பக்கத்தில் வருபவர். எதிரே உட்கார்ந்திருப்பவர் அல்லர். எதிரெதிரே அமர்ந்தால் முகம் பார்க்க வேண்டும். முகம் பார்த்தால் பதில் சொல்ல வேண்டும். மௌனம் வந்தால் இருவரும் கூசுவோம். பக்கம் பக்கமாக நடக்கும்போது கண்கள் பாதையில் இருக்கின்றன. அரை மைல் பேசாமல் போகலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் எம்மாவு ஊருக்குப் போகும் இரண்டு சீடர்களின் கதை இதற்கு நல்ல சான்று. துக்கத்தோடு நடக்கிறார்கள், முன்பின் அறியாத ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார், பதினொரு கிலோமீட்டர் அளவுள்ள அந்த வழி நெடுகப் பேசிக்கொண்டே போகிறார்கள், கூட வருபவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் சேர்ந்து, மேசையில் உட்கார்ந்து, அவர் ரொட்டியைப் பிட்டபோதுதான் உயிர்த்தெழுந்த இயேசு என்று அடையாளம் தெரிகிறது. இதை இறையியலாகப் படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வரிசை. முதலில் சேர்ந்து நடந்தார்கள். அறிமுகமும் நம்பிக்கையும் பிறகுதான் வந்தன. பெரும்பாலான சபைகள் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன: முதலில் என்ன நம்புகிறாய் என்று சொல், பிறகு பக்கத்தில் வந்து நில். நடைக்குழு உன்னிடம் கேட்பது ஒன்பதேகால் ரயிலுக்கு வருவாயா என்பதை மட்டும்.

ஆனால் ஸ்டீபனின் குழுவை வைத்து என் வாதத்தை நிறுவ முயன்றால் அது பாதி வழியில் நொண்டும். அந்த நாடோடிகள் யாருக்காகவும் பெரிதாக வேகத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர். நெடுங்காலும் நெடுநடையும் உடைய தலைவரோடு ஈடுகொடுக்க முடிந்தவர்களே நீடித்தார்கள். பெண்கள் கிடையாது. கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்குபவர்கள் கிடையாது. ஒரே படிப்பு, ஒரே பேச்சு, ஒரே கால்பலம் உள்ளவர்கள் சேர்ந்து நடப்பதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? அது கண்ணாடிக்கு முன் நடப்பது. அடுத்தவர் நிலத்தில் நுழையும்போதுகூட அவர்களுக்குச் சட்ட மூளை துணை வந்தது. எங்களுக்கு இங்கே வழியுரிமை எதுவும் இருப்பதாக நாங்கள் கோரவில்லை, நேர்ந்த சேதத்துக்கு ஈடாக இந்த ஒரு ஷில்லிங்கைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பொருள்படும் வாசகம் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். வேட்டைக்காடு காப்பவன் வாயடைத்து நிற்பான். நகைச்சுவைதான். ஆனால் 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 400 தொழிலாளர் இளைஞர்கள் அதே அத்துமீறலைச் செய்தபோது யாரும் ஷில்லிங்கை நீட்டவில்லை. வேட்டைக்காட்டுக் காவலர்களோடு கைகலப்பு நடந்தது, இருபது வயது பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அத்துமீறல் தனியே குற்றமாகாது என்பதால் கலகம் என்ற பெயரில் வழக்கு தொடுத்தார்கள். ஒரே மண்ணில் வைத்த அடிதான். வைத்த கால் யாருடையது என்பது தீர்ப்பை மாற்றியது.

எனவே கூட்டு நடையின் உண்மையான சோதனையைக் கல்விமான்களிடம் தேடக்கூடாது. வடக்கே, பஞ்சாலைகளுக்குப் போக வேண்டும். லங்காஷயரின் கோல்ன் நகரில் டி. ஏ. லியனார்ட் என்பவர் சபைப் போதகராக இருந்தார். அந்த ஊர்களில் ஆண்டுக்கொரு வாரம் ஆலைகள் மொத்தமாக மூடப்படும். ஊரே ரயிலேறி பிளாக்பூல் போன்ற கடற்கரைகளுக்குப் போய், ஆண்டு முழுவதும் சேர்த்ததை ஆறே நாளில் கரைத்துவிட்டு வரும். லியனார்டுக்கு அது பிடிக்கவில்லை. 1891 ஜூனில் தம் சபையின் சமூகக் கழகத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது ஆண்களை ஏரி மாவட்டத்தின் ஆம்பிள்சைடுக்கு நான்கு நாள் நடைக்கு அழைத்துச் சென்றார். அந்தச் சிறு பயணத்திலிருந்து கூட்டுறவு விடுமுறைக் கழகம் பிறந்தது; 1913-இல் அவரே பிரிந்துவந்து இன்னும் எளியவர்களுக்காக இன்னோர் அமைப்பைத் தொடங்கினார். ஷெஃபீல்டில் ஜி. எச். பி. வார்டு என்ற பொறியியல் தொழிலாளி, 'கிளாரியன்' என்ற சோஷலிச இதழில் விளம்பரம் கொடுத்தார். 1900 செப்டம்பர் 2, ஒரு ஞாயிறு. வந்தவர்கள் 14 பேர், பெண்களும் அடக்கம். ஈடேல் பக்கமிருந்து கிண்டர் ஸ்கவுட்டைச் சுற்றி வந்தார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் சட்டைப்பைக்குள் அடங்கும் கையேடு ஒன்று, எந்த ஞாயிறு எந்த வழி, எந்த ரயில் என்ற பட்டியலோடு வந்தது. முன்னவர் போதகர், பின்னவர் சோஷலிஸ்ட். ஒருவர் சபைக்குள்ளிருந்து நடையைக் கண்டார், மற்றவர் சபைக்கு வெளியே. இருவரின் குழுக்களும் மேட்டில் சந்தித்திருந்தால், மூச்சிரைக்கும் விதத்தை வைத்து யார் எந்தக் கட்சி என்று சொல்லியிருக்க முடியாது.

இப்படிப்பட்ட கலவையான கூட்டம் நடக்கத் தொடங்கியதும் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்திருக்கும். பதினெட்டு வயது நெசவுக்காரியும் ஐம்பது வயது சுரங்கத் தொழிலாளியும் ஒரே மேட்டில் ஒரே வேகத்தில் ஏற மாட்டார்கள். அதற்கு ஆங்கிலேய நடைக்குழுக்கள் இன்றளவும் கைக்கொள்ளும் ஏற்பாடு மிகச் சாதாரணமானது. முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர். எல்லோருக்கும் பின்னால் இன்னொருவர். பின்னால் வருபவரை 'பேக் மார்க்கர்' என்பார்கள். கடைக்காவல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு ஒரே ஒரு வேலை: தனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. முன்னவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கடைக்காவல் கண்ணில் படும் வரை காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான மேய்ப்புப் பணி கிடையாது. இதில் நுட்பமாக ஒன்று நடக்கிறது. கூட்டத்தின் திசையை முன்னவர் முடிவு செய்கிறார். வேகத்தை முடிவு செய்பவர் கடைசியில் வருபவர். அதிகாரம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வலுவுள்ளவன் தன் வலுவைக் காத்திருப்பதில் செலவழிக்கிறான். அறிவுரையாகக் கேட்டால் கொட்டாவி விடத்தக்க இந்தச் செய்தி, குளிர்காற்றில் ஒரு படலைக் கதவருகே ஐந்து நிமிடம் நிற்கும்போது கால் வழியே ஏறிவிடுகிறது.

பழைய நூல்கள் இந்தக் காத்திருப்பைப் பற்றி இரு விதமாகப் பேசியிருக்கின்றன. ஆதியாகமத்தில், இருபது ஆண்டுப் பகைக்குப் பின் ஏசாவும் யாக்கோபும் சந்தித்துத் தழுவுகிறார்கள். சேர்ந்தே போவோம் வா என்கிறான் அண்ணன். தம்பி மறுக்கிறான்: பிள்ளைகள் இளசு, மந்தையில் பால்குடிக் குட்டிகள் இருக்கின்றன, ஒருநாள் விரட்டினால் செத்துப்போகும், நீ முன்னே போ, நான் இவற்றின் கால்நடைக்கு ஏற்ப மெல்ல வருகிறேன். (சொன்ன இடத்துக்கு அவன் கடைசியில் போகவேயில்லை என்பது வேறு கதை, ஆனால் எதிரியும் மறுத்துப் பேச முடியாத சாக்காக அவன் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.) மறுபக்கம் மகாபாரதத்தின் மகாபிரஸ்தானம், பாண்டவர்களின் இறுதிப் பயணம். ஐவரும் திரௌபதியும் ஒரு நாயும் வடக்கு நோக்கி நடக்கிறார்கள். திரௌபதி விழுகிறாள், சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், வீமன் வரிசையாக விழுகிறார்கள். தருமன் ஒவ்வொருவரும் விழுந்த காரணத்தைச் சொல்கிறான், திரும்பிப் பார்க்கவில்லை. முத்தி வழி என்பது தனியாள் வழி, அங்கே யாரும் யாருக்காகவும் நிற்க முடியாது என்று இதற்கு உரை சொல்வார்கள். சொல்லலாம். ஆனால் காவியம் அங்கே முடியவில்லை. சொர்க்கத்தின் தேர் வந்து நிற்கும்போது, நாயை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்கிறான் அதே தருமன். விழுந்த தம்பிகளுக்காக நிற்காதவன், கடைசிவரை பின்னால் வந்த பிராணிக்காகச் சொர்க்கத்தையே நிறுத்திவைக்கிறான். வியாசருக்கும் அந்தத் திரும்பிப் பாராத நடை உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இன்பத்துக்காகச் செய்வதில் அறம் எங்கே வந்தது என்பது ஓர் ஆட்சேபம். அது என்னை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் சுமார் ஐந்நூறு பேரை ரயிலில் அழைத்துச் சென்றது மதுவிலக்குக் கூட்டத்துக்காக. அவர் பாப்டிஸ்ட் சபைக்காரர். இன்றைய சுற்றுலா வணிகத்தின் வேரே ஒரு பக்திப் பயணத்தில் இருக்கிறது. பழனிக்கு நடப்பவர்கள் வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு போவதால் காவடியின் கனம் குறைவதில்லை. மகிழ்ச்சி கலந்தால் கெட்டுவிடும் அறம் ஏற்கெனவே கெட்டது.

கடினமான ஆட்சேபம் தேவாலயத்தின் பக்கமிருந்து வருகிறது. அதை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். நடைக்குழு, நடக்க முடிந்தவர்களின் சங்கம். மேட்டில் ஏற முடியாதபடி முழங்கால் போனவனுக்கு அது என்ன செய்யும்? சபை அவன் வீட்டுக்கு அப்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், செத்தால் புதைக்கும், அவன் பிள்ளைக்குப் பெயர் வைக்கும். சபையிலிருந்து விலக ஸ்டீபனைப் போல ஒருவர் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. குழுவிலிருந்து விலக ஒரு ஞாயிறு வராமல் இருந்தால் போதும். விலகுவது அவ்வளவு எளிதானால், சேர்ந்திருப்பதில் என்ன பொருள்? ஸ்டீபனின் வாழ்வே இந்த ஆட்சேபத்துக்குச் சாட்சி சொல்கிறது. 1895-இல் மனைவி ஜூலியா இறந்தார். ஏறத்தாழ அந்தக் காலத்திலேயே நாடோடிக் குழுவும் ஓய்ந்துவிட்டது. பதினைந்து ஆண்டு கூட நடந்தவர்களிடம் அவர் தம் துக்கத்தைக் கொண்டுபோனதாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்காக எழுதிய நினைவுக் குறிப்பிலும், மகள்களை வாட்டியெடுத்த புலம்பலிலும் அது வடிந்தது.

இதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நடைக்குழு மதத்துக்கு மாற்று என்று சொல்பவர்கள் அதன் தோளில் தாங்க முடியாததை ஏற்றுகிறார்கள். சாவுக்கு முன் அதனிடம் சொல்லும் இல்லை, சடங்கும் இல்லை. ஆனால் ஆட்சேபத்தின் இரண்டாம் பாதி, எளிதில் விலகலாம் என்பதால் பிணைப்பு பொய் என்பது, எனக்கு ஏற்புடையதல்ல. விலக முடியாததால் நின்றவனும் விலக முடிந்தும் படலையருகே நின்றவனும் ஒன்றா? சட்டமும் ஊர்வாயும் பிடித்துவைத்த ஞாயிறுகளில் பக்கத்து இருக்கைக்காரனுக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தால் எழுந்து போகலாம். அதோடு, நடக்க முடிந்தவர்களின் சங்கம் என்ற வேலியும் அசையாமல் நிற்கவில்லை. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய உடல்நல நடைத் திட்டம், நோயிலிருந்து தேறியவர்களையும் முதியவர்களையும் மனத்தில் வைத்து, ஒன்றரை மணிக்குள் முடியும் கட்டணமில்லாக் குறுநடைகளை ஊர் ஊராக அமைத்தது. அங்கும் ஒரு கடைக்காவல் உண்டு. வேகம் குறையக் குறைய உள்ளே வருபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. இந்தக் கணக்குக்குக் கீழ் எல்லை எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் நடைதான்.

சாவு வீட்டைப் பற்றிய பாதி பாக்கி நிற்கிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் தொடக்கத்தில் சொன்ன அந்த 2,000 முழத்துக்கே திரும்பினால் அங்கே விசித்திரமான ஒரு விதி காத்திருக்கிறது. யூத நெறியாளர்கள் அந்த எல்லையைச் சுவராகக் கட்டிவிடவில்லை. ஓய்வுநாள் பிறக்கும் முன்பே ஒருவர் எல்லைக்குள் ஓரிடத்தில் இரண்டு வேளைக்கான உணவை வைத்துவிட்டு வந்தால், அந்த இடமே அவருடைய குடியிருப்பாகக் கொள்ளப்படும். கணக்கு அங்கிருந்து தொடங்கும். அப்பால் இன்னும் 2,000 முழம் நடக்கலாம். கடமை ஒன்றின் பொருட்டு மட்டுமே இதைச் செய்யலாம் என்று பின்வந்த நெறியாளர்கள் விளக்கினார்கள்; ஒருவர் தன் ஊராருக்காகச் சேர்த்தே வைக்கலாம் என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பாத்திரத்தில் உணவை வைத்துவிட்டு அவர் சொல்ல வேண்டியது என்ன என்பதையும் அது வகுத்திருக்கிறது: இது என் ஊரார் எல்லோருக்கும், துக்க வீட்டுக்கோ விருந்து வீட்டுக்கோ நடக்க விரும்பும் எவருக்கும்.